செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கண்மாயும் காடும் காட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க்கரையில் நடப்பது சில வருடங்களாக என் வழக்கம். நான் விலங்கியல் படித்தவன் இல்லை, கணக்குப் பார்க்கும் ஆள். பெற்றோர்களும் ஆசிரியர்களும் போனில் கேட்கிற கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், பதிலையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எங்க ஊர்ல மலையும் இல்ல, காடும் இல்ல. செம்மண்ணும் முள்ளும்தான். இதுல பிள்ளைகளுக்கு எதைக் காட்டுறது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பள்ளிக்கூடச் சுவரில் புலியும் யானையும் வரைந்து வைத்துப் பழக்கிவிட்டோம், அதனால் இயற்கை என்றால் முதுமலை, டாப்ஸ்லிப் என்று பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பது என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்த முள்ளையே காட்டுங்கள், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

காரைக்குடிக்கு அந்தப் பேர் காரைச்செடியால் வந்தது என்று ஊரில் சொல்வார்கள் (சுண்ணாம்புக் காரையால் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு, அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை). என் குழுவில் இருந்த பதினான்கு பிள்ளைகளிடம் காரைச்செடியைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியவில்லை. அத்தனை பேரும் காரைக்குடியில் பிறந்தவர்கள்! அன்றைக்கே ஒரு கோயில் காட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். இடுப்பு உயரப் புதர், கணுவுக்குக் கணு எதிரெதிராக ஜோடி ஜோடியாக முள், பழுத்தால் மஞ்சளாகும் சின்னப் பழம். ஆடு மேய்க்க வந்த அப்பத்தா ஒருவர் நாலு பழம் பறித்துக் கொடுக்க, பிள்ளைகள் தின்றுவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். அதற்கப்புறம் ஒருத்தரும் அந்தச் செடியை மறக்கவில்லை.

காரை, சூரை, இலந்தை, களா, ஆவாரம், நுணா, விளா, வீரை, பாலை என்று எண்ணிக்கொண்டே போகலாம். ஐயனார் கோயிலைச் சுற்றி வெட்டாமல் விட்ட காடு ஒன்றாவது பக்கத்து ஊரில் இருக்கும். அது இல்லையென்றால் ஊருணி, அதுவும் இல்லையென்றால் பள்ளிக்கூட வேலி. பிள்ளையார்பட்டிக்குப் போகாத குடும்பம் நம் பக்கத்தில் கிடையாது. அந்த ஊரின் பழைய பேர் மருதங்குடி, அங்கே சிவனுக்கு மருதீசர் என்றே பேர், தல விருட்சம் மருத மரம். அடுத்த தடவை போகும்போது மோதகத்தோடு திரும்பிவிடாமல் மருத மரம் எது என்று கேட்டுப் பாருங்கள், வழவழவென்று வெளுத்த பட்டையைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும்.

எந்த வயசுல ஆரம்பிக்கலாம்?

நடக்கத் தெரிந்தால் போதும். ஐந்து வயசுக்குள் என்றால் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியே போதுமான காடு. ஏழெட்டு வயசில் கண்மாய்க்கு வரலாம். பதின்மூன்றுக்கு மேல் கொஞ்சம் கஷ்டம், கூச்சம் வந்துவிடும், அவர்களிடம் பைனாகுலரைக் கொடுத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு நீதான் காட்டணும் என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

எனக்கே நாலு குருவி பேர் தெரியாது. நான் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது?

தெரியாது என்று சொல்லுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஒரு தடவை குளத்து ஓரம் நின்ற பறவையைப் பார்த்து, தெரிந்த மாதிரி ‘குருட்டுக்கொக்கு’ என்று சொல்லிவிட்டேன். பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்த ஆச்சி, “அது மடையான்ல தம்பி, குருட்டுக்கொக்குன்னு படிச்சவுகதான் சொல்லுவாக” என்றார். பார்க்கப் போனால் நானும் தப்பில்லை, இரண்டும் ஒரே பறவைக்கான பேர். ஆனால் பிள்ளைகள் என்னை விட்டுவிட்டு ஆச்சியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள், அன்றைய வகுப்பு அங்கேதான் நடந்தது.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பேர் தெரியாத செடி, பறவை எதுவானாலும் முதலில் ஊரில் வயசானவர் ஒருவரிடம் கேட்பது, அப்புறம்தான் போனைத் திறப்பது. போனில் மெர்லின், ஐநேச்சுரலிஸ்ட் இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன, இலவசம்தான். ஆனால் அந்தப் பறவையை ஊர் எப்படிக் கூப்பிட்டது என்பது செயலியில் பெரும்பாலும் இருக்காது. ஊர்ப் பேரைக் கேட்டுப் போகும்போது பெரியவர்களும் இதில் சேர்ந்துவிடுகிறார்கள். தனியாக விழிப்புணர்வுக் கூட்டம் போட்டால் ஒருத்தரும் வர மாட்டார்கள், பேர் கேட்டால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள்.

கண்மாய்க்குக் கூட்டிப்போனா அங்க என்ன செய்யணும்?

முதல் நாள் பறவையைத் தேடாதீர்கள். கண்மாயையே காட்டுங்கள். தண்ணீர் எந்த வரத்துக்கால் வழியாக வருகிறது, மடை எங்கே, நிறைந்தால் கலுங்கில் ஏறி அடுத்த கண்மாய்க்கு எப்படிப் போகிறது. இதைக் கால்நடையாக நடந்து பார்த்த பிள்ளைக்கு, வரத்துக்காலில் மண் கொட்டி வீடு கட்டினால் என்ன ஆகும் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இரண்டாம் நாளிலிருந்து, ஒரே ஒரு பறவை. நான் நத்தைக்குத்தி நாரையில் ஆரம்பிப்பேன். ஆள் பெரியது, ஓடி ஒளியாது, அதோடு அதன் அலகில் ஒரு விஷயம் இருக்கிறது: மூடினாலும் நடுவில் இடைவெளி விட்டு நிற்கும், பாக்குவெட்டி மாதிரி. வழுக்கும் நத்தையைப் பிடிக்க அது தோதாக இருக்கிறது. குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். அலகைப் பார்த்தபின் கரையில் காலி நத்தை ஓடுகளைப் பொறுக்கச் சொல்லுங்கள். ஓடு உடையாமல் உள்ளே சதை மட்டும் காணாமல் போயிருந்தால் பிள்ளைகள் அரை மணி நேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

மழைக்காலத்தை ஒட்டித் தூக்கணாங்குருவி கூடு கட்டும். தண்ணீர்ப் பக்கம் சாய்ந்த கருவேல மரத்திலோ பனை ஓலை நுனியிலோ பாருங்கள். கட்டுவது ஆண் குருவி. பாதி கட்டியதும், தொப்பி மாதிரி இருக்கும் நிலையில், பெட்டை வந்து பார்க்கும், பிடித்தால்தான் மீதி வேலை நடக்கும். பிடிக்காமல் பாதியில் விட்ட கூடுகள் அதே மரத்தில் தொங்கும், எண்ணச் சொல்லுங்கள். காற்றில் விழுந்த கூடு ஒன்று கிடைத்தால் பிரித்துப் பாருங்கள், உட்சுவரில் உருண்டை உருண்டையாகக் களிமண் ஒட்டியிருக்கும். அதில் மின்மினியைப் பதித்துக் குருவி விளக்கு வைத்துக்கொள்ளும் என்று நம் அப்பத்தாக்கள் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். களிமண்ணை நானே பார்த்திருக்கிறேன், மின்மினியை இதுவரை பார்த்ததில்லை. கதையைச் சொல்லிவிட்டு, கூட்டைப் பிரித்துக் காட்டி, நீங்களே தேடுங்கள் என்று விட்டுவிடுவேன்.

ஒரே கண்மாய்க்குத் திரும்பத் திரும்பப் போங்கள். புது இடம் புது இடமாக அலைவதைவிட, ஐப்பசியில் நிறைந்து கிடந்த கண்மாய் சித்திரையில் வெடித்துக் கிடப்பதைப் பார்க்கும் பிள்ளைதான் நிறையக் கற்றுக்கொள்கிறது.

பாம்பு இருக்குமே? தண்ணில விழுந்துட்டா?

பாம்பு இருக்கும். தண்ணீர்தான் அதைவிட ஆபத்து, கண்மாயில் மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. எங்கள் நடையில் தண்ணீரில் கால் வைக்கவே அனுமதி இல்லை, ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் கட்டாயம்.

பாம்பைப் பற்றிப் பயமுறுத்தாமல், அடையாளம் சொல்லிக் கொடுங்கள். ஆளைக் கொல்லும் நஞ்சுள்ளவை என்று நம் பக்கம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நாம் அடித்துப் போடுவதில் பாதிக்கு மேல் சாரையும் தண்ணீர்ப் பாம்பும்தான் என்பது என் கணிப்பு. சாரை தின்பது எலியை, அது போனால் நெல் போகும். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கொலுசு, மோதிரம், வளையலைக் கழற்றி, கை காலை அசைக்க விடாமல் 108-ஐக் கூப்பிட்டு நேரே அரசு ஆஸ்பத்திரி. மந்திரிக்கப் போகும் நேரத்தில்தான் பல உயிர் போகிறது. வீட்டுக்குள் பாம்பு வந்தால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

கோடையில எல்லாம் காஞ்சு கிடக்குமே, அப்ப என்ன செய்றது?

கோடையில்தான் மீன்பிடித் திருவிழா! தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு வந்ததும், ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீச, ஊரே ஊத்தாவும் வலையும் கச்சாவுமாக இறங்கும். பிள்ளைகளைக் கரையில் நிறுத்தி, ஒவ்வொருவர் கூடையிலும் என்னென்ன மீன் என்று எழுதச் சொல்லுங்கள். விரால், கெளுத்தி, கெண்டை, குரவை, அயிரை. அப்புறம் ஜிலேபி எத்தனை என்று தனியாக. ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மீன், நாட்டு மீனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் சில இடங்களில் மாட்டும். வருஷா வருஷம் இந்த நோட்டை எழுதினால் கண்மாயின் கதை அதிலேயே இருக்கும்.

வெயிலில் போக முடியாவிட்டால் வீட்டுக் கொல்லை. கறிவேப்பிலை, எலுமிச்சை இலையில் காக்கை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் துடைத்துவிடாதீர்கள், அது வண்ணத்துப்பூச்சியின் புழு. கொஞ்ச நாளில் இலைப் பச்சையாக மாறும். ஒரு குச்சியால் மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு மாதிரி பிளந்த கொம்பு ஒன்று பளிச்சென்று வெளியே வரும், கூடவே ஒரு நெடி. நாலைந்து கொத்து கறிவேப்பிலை போனால் போகிறது. ஒரு வீட்டில் புழு கூட்டுப்புழுவாகித் தொங்கிய பிறகு, குழம்புக்குத் தாளிக்க இலை பறிக்கக்கூடாது என்று அந்த வீட்டுச் சின்னவள் செடிக்குக் காவல் இருந்தாள். அவள் அம்மா என்னிடம்தான் சண்டைக்கு வந்தார்.

விதைப்பந்து வீசலாமா? மரம் நடும் விழா வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் போட்டோவோடு முடிந்துவிடக் கூடாது. முதல் வருஷம் நாங்கள் எழுபது கன்று நட்டோம், கூண்டு போடவில்லை. பத்தே நாளில் ஆடுகள் கணக்கைத் தீர்த்துவிட்டன. தப்பு ஆட்டின் மேல் இல்லை. அடுத்த வருஷம் பன்னிரண்டே கன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளை பேர், சுற்றிக் காய்ந்த இலந்தை முள். ஒன்பது நின்றது.

விதைப்பந்து வீசியதில் முளைத்துப் பார்த்தது எனக்குக் குறைவு. அந்த உழைப்பை ஆவணி, புரட்டாசியில் விழும் பனம்பழத்துக்குக் கொடுங்கள். விதையைப் பொறுக்கிக் கண்மாய்க்கரையில் ஒரு சாண் குழியில் போட்டு மூடினால் போதும், தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. முதலில் வேர்தான் ஆழமாக இறங்கும், தரைக்கு மேல் ஓலை தெரிய மாதக்கணக்கு ஆகும், பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தோண்டிப் பார்ப்பார்கள் (பார்த்தார்கள்). தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான் என்று பழமொழியே உண்டு. பனை நம் மாநில மரம். நம் வீட்டுக் கல்யாணங்களில் புழங்கும் கொட்டான் என்ற கூடை அதன் ஓலையில் முடைவது, புவிசார் குறியீடு வாங்கியது. கொட்டான் முடையத் தெரிந்த ஒருவரை அழைத்துப் பிள்ளைகளை ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள், மரத்தைப் பற்றிய பேச்சு தானாக வரும்.

சீமைக்கருவேலத்தை வெட்டணும்னு பிள்ளைக கேக்குறாங்க. வெட்டலாமா?

முதலில் எது சீமை, எது நாட்டு என்று பார்க்கத் தெரியட்டும். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த மாதிரி இடுக்கு இடுக்காக இருக்கும். சீமைக்குப் பூ நீளக் கதிராகத் தொங்கும். நாட்டுக் கருவேலத்தில்தான் நாரைகள் கூடு வைக்கின்றன, ஆர்வக்கோளாறில் அதையும் சேர்த்து வெட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டது. ஆடு மாடு காயைத் தின்று சாணியில் விதையைப் பரப்பும், மேலாக வெட்டினால் திரும்பத் துளிர்க்கும், வேரோடு எடுத்தால்தான் போகும். அது பிள்ளைகள் வேலை இல்லை. இன்னொன்றையும் சொல்லிக் கொடுங்கள்: நம் சிவகங்கை மாவட்டத்திலும் ராமநாதபுரத்திலும் இந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய, அவர்கள் வீட்டுப் பிள்ளையும் உங்கள் வகுப்பில் இருக்கலாம். வில்லன் கதையாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

வீட்டில் கிளி வளர்க்கிறோம், ஆமை வச்சிருக்கோம். தப்பா?

பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் வருபவை, வைத்திருக்கக் கூடாது. ஆமை இருந்தால் ராசி என்பது வியாபாரி கட்டிய கதை. கண்ட இடத்தில் விட்டுவிடவும் வேண்டாம், வனத்துறையிடம் ஒப்படையுங்கள். மாமா கவுதாரி பிடிக்கிறார், சிவராத்திரிக்கு முயல் வேட்டைக்குப் போகிறார் என்று பிள்ளை சொன்னால், அந்தப் பிள்ளையை எல்லோர் முன்னாலும் கூனிக்குறுக வைக்காதீர்கள். கவுதாரி எங்கே முட்டை வைக்கும் என்று மாமாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவரை ஒரு நாள் நடைக்குக் கூப்பிட்டுப் பாருங்கள்.

மயில் கடலையைத் தோண்டித் தின்னுது. அதைக் காப்பாத்தணும்னு பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது?

சுலபமான பதில் என்னிடம் இல்லை. குன்றக்குடியில் மயில் முருகனுக்கு வாகனம், மலைக்கே மயூரகிரி என்று பேர், மலையடிவாரத்தில் கடலை போட்டவருக்கு அதே மயில் நஷ்டம். இரண்டும் உண்மை. நான் பிள்ளைகளை ஒரு விவசாயியின் கொல்லைக்குக் கூட்டிப்போய் அவர் சொல்வதைக் கேட்க வைத்தேன். விஷம் வைப்பது குற்றம், தேசியப் பறவை என்று அவருக்கும் தெரியும். “தெரிஞ்சுதான் தம்பி ராத்திரி பகலா வெரட்டிக்கிட்டு இருக்கேன்” என்றார். பிள்ளைகள் திரும்பி வரும்போது ஒன்றும் பேசவில்லை, அதுவே நல்ல வகுப்பு என்று எனக்குப் பட்டது.

ஊர்க்காரங்களை எப்படிச் சேர்க்கிறது?

கொள்ளுக்குடிப்பட்டியைப் பாருங்கள். அந்த ஊரை ஒட்டி, திருப்பத்தூர் தாண்டி மதுரை சாலையில் இருக்கும் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977-இல் அறிவிக்கப்பட்டது, மொத்தமே 38.4 ஹெக்டேர், மூன்று கண்மாய். கூடு கட்டியிருக்கும் பறவை மிரளும் என்று அந்த ஊரில் பல வருஷமாகத் தீபாவளிக்கு வெடி கிடையாது. வனத்துறை இனிப்பு கொடுக்கிறது, அவ்வளவுதான். சட்டம் போட்டு இதைச் செய்ய முடியாது, ஊர் தானாகச் செய்தது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போனால் நாரையும் கரண்டிவாயனும் அரிவாள் மூக்கனும் பார்க்கலாம், கூடவே டீக்கடையில் உட்கார்ந்து ஊர்க்காரர்களோடு பேசுங்கள். என் பிள்ளைகளுக்குப் பறவையைவிட, வெடி இல்லாத தீபாவளியை அந்த ஊர்ப் பையன்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதுதான் பெரிய ஆச்சரியம்.

உங்கள் ஊரில் ஆரம்பிக்கப் பொங்கல் தோதான நேரம். 2015-இலிருந்து பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, பதினைந்து நிமிஷம் பார்த்து ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுச் செயலியில் ஏற்றினால் போதும், வெளியூரிலிருந்து வந்தவர்களும் அப்போது ஊரில் இருப்பார்கள். காகிதத்தில் ஏற வேண்டுமென்றால், உயிரியல் பல்வகைமைச் சட்டம், 2002-இன்படி ஒவ்வொரு ஊராட்சியும் ஊரில் உள்ள செடி, உயிர்களை எழுதி வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். கிராம சபையில் எழுந்து, நம் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது, நாங்கள் எழுதியதையும் சேர்ப்பீர்களா என்று ஒரு பிள்ளை கேட்டால் நன்றாக இருக்கும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக் கிராம சபை அதற்குப் பொருத்தமான நாள்.

நாங்க சென்னைலயும் சிங்கப்பூர்லயும் இருக்கோம். ஊருக்கு வர்றதே கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும்தான். பெரிய வீட்டைத் திறந்து ரெண்டு நாள் இருப்போம். அதுல என்ன காட்ட முடியும்?

அந்த வீட்டையே காட்டுங்கள். தூண் பர்மாத் தேக்கு என்று சொல்லும்போது அது ஒரு மரம், எங்கோ காட்டில் நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். மழை பெய்தால் முற்றத்தில் நில்லுங்கள். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் எங்கே விழுந்து எங்கே போகிறது என்று பிள்ளையைப் பின்னாலேயே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், பல வீடுகளில் வழி கிணற்றுக்கோ ஊருணிக்கோ போகும்.

பூட்டிக் கிடந்த மேல்மாடியில் கூகை என்ற ஆந்தை இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அபசகுனம் என்று விரட்டச் சொல்வார்கள், விரட்டாதீர்கள். அது இருக்கும் இடத்துக்குக் கீழே தரையில் கட்டைவிரல் அளவில் கறுத்த உருண்டைகள் கிடக்கும். எச்சம் என்று நினைத்துப் பெருக்கிவிடுவார்கள், ஆனால் அது செரிக்காததைக் கூகை கக்கியது. கையுறை போட்டுக்கொண்டு, தண்ணீரில் ஊறவைத்து, குச்சியால் பிரித்தால் எலியின் மண்டையோடு, பல்லோடு தாடை, ஊசி மாதிரி விலா எலும்பு எல்லாம் ஒவ்வொன்றாக வரும். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு பையன் ஒரே உருண்டையில் மூன்று மண்டையோடு எடுத்து, ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையில் வெள்ளைத் தாளை விரித்து வரிசையாக அடுக்கி வைத்தான். பந்தி பரிமாற ஆள் கூப்பிட்டும் எழுந்து போகவில்லை.

கார்த்திகை முடிந்து பிள்ளையார் நோன்புக்கு வருகிறவர்கள் என்றால், அன்றைக்கு வேண்டிய ஆவாரம்பூவைக் கடையில் வாங்காமல் பிள்ளையோடு போய்ப் பறித்து வாருங்கள்.

உங்க நடைக்கு நாங்களும் வரலாமா?

வரலாம், காசு கிடையாது. காலை ஆறு மணி, ஆறரைக்கு வந்தால் எங்களைக் கரையில் தேட வேண்டியிருக்கும். முழுக்கால் சட்டை, ஷூ, தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், பனியில் ஊறிவிடும். பளிச்சென்று வெள்ளையும் சிவப்பும் போடாமல் மங்கலான சட்டை. தூறல் என்றால் நடை உண்டு, இடி என்றால் கிடையாது. சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு வருபவர்கள் கவரைத் திரும்ப எடுத்துப் போக வேண்டும், போன மாதம் கரையில் நாங்கள் பொறுக்கியதில் பாதி எங்கள் கவர்தான்.